பார் யூ பண்ணைக்கு எந்த நாளில் போவது, போனால் எதைப் பார்ப்பது

கேள்வி இதுதான்: கனடாவின் கால்கரிக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. லாங்வியூ பக்கத்தில் பார் யூ என்ற பழைய மாட்டுப் பண்ணையில் கோடையில் ரோடியோ என்ற மாடு பிடிக்கும் விளையாட்டு, குதிரைப் போட்டி என்று என்னென்னவோ நடக்கிறதாம். இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் பார்க்க என்ன இருக்கும்? வெறும் மரக் கட்டடங்களுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் முதல் தடவை போகும்போது நிகழ்ச்சி இருக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள். சாதாரண நாளில் அந்த இடம் அமைதியாக, அழகாக இருக்கும். ஏறக்குறைய 35 பழைய கட்டடங்கள் பெகிஸ்கோ ஓடையை ஒட்டி வரிசையாக நிற்கும். லாயம், கொல்லன் பட்டறை, சமையல் வீடு என்று ஒவ்வொன்றாக நுழைந்து பார்த்துவிட்டு வரலாம். ஆனால் அவை எல்லாமே பத்துப் பேர், இருபது பேர் கூடி வேலை செய்வதற்காகக் கட்டியவை. ஆள் கூடும்போதுதான் அந்தப் பண்ணை எப்படி இயங்கியது என்று கண்ணுக்குத் தெரியும். நான் முதல் தடவை ஆள் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை போய்விட்டு, "சரி, பார்த்தாயிற்று" என்று திரும்பிவிட்டேன். அடுத்த வருடம் ஆகஸ்டில் ரோடியோ அன்று போனபோதுதான், முதலில் எதையுமே பார்க்கவில்லை என்று புரிந்தது.

இந்த நிகழ்ச்சிகளைச் சுற்றுலாப் பயணிகளுக்காகப் போடும் வேஷம் என்று நினைத்துவிடாதீர்கள். அவற்றின் வேர் வேறு. 1880களில் இங்கே வேலி கிடையாது. பார் யூ மாடும் பக்கத்துப் பண்ணை மாடும் ஒரே புல்வெளியில் கலந்து மேயும். வருடத்துக்கு இரண்டு தடவையாவது எல்லாப் பண்ணைகளிலிருந்தும் ஆட்கள் குதிரையோடு கிளம்பி, மைல் கணக்கில் சுற்றி மந்தையைத் திரட்டுவார்கள். இதை ரவுண்டப் என்பார்கள். சமையல் சாமான் ஏற்றிய வண்டி ஒன்று கூடவே போகும். வசந்த காலத் திரட்டில்தான் புதுக் கன்றுகளுக்குச் சூடு போடுவது நடக்கும். எந்தக் கன்று யாருடையது என்பதற்குக் காகிதம் எதுவும் கிடையாது. கன்று எந்தத் தாயின் பின்னால் ஓடுகிறதோ, அந்தத் தாயின் விலாவில் என்ன குறி இருக்கிறதோ, அதே குறிதான் கன்றுக்கும். அந்த ஒரு சாட்சியை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். பக்கத்துப் பண்ணைக்காரனும் அங்கேயே நிற்பதால் யாரும் ஏமாற்றவும் முடியாது.

வேலி வந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. இன்றும் ஆல்பர்ட்டா மாகாணத்தின் தெற்கில் வசந்தம் வந்தால், ஒரு பண்ணையில் சூடு போடும் நாள் என்றால் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் வந்து நிற்கும். இருவர் குதிரை மேலிருந்து சுருக்குக் கயிறு வீசிக் கன்றின் பின்னங்கால்களைப் பிடித்து இழுத்து வருவார்கள். இருவர் கன்றை அமுக்கிப் பிடிப்பார்கள். ஒருவர் சூட்டுக்கோலோடு வருவார், இன்னொருவர் தடுப்பூசி போடுவார், காளைக் கன்று என்றால் காயடிப்பதும் அப்போதே முடிந்துவிடும். ஒரு கன்றுக்கு ஓரிரு நிமிடம்தான். யாருக்கும் கூலி கிடையாது. இன்று உன் பட்டியில் நான், அடுத்த வாரம் என் பட்டியில் நீ. முடிந்ததும் அந்த வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் வயிறாரச் சாப்பாடு போடுவார்கள். பார் யூவில் நீங்கள் பார்க்கப்போகும் ரோடியோ, சமையல் கூடாரம், குதிரை வண்டி எல்லாமே இந்த ஒரு நாளின் பல துண்டுகள் என்று மனதில் வைத்துக்கொண்டு போனால் பாதி விஷயம் தானாக விளங்கும்.

பெயரும் சூட்டுக்குறியிலிருந்து வந்ததுதான். ஆங்கில யூ எழுத்து, அதன் தலைக்கு மேல் ஒரு கோடு. கோட்டைப் பார் என்று படிப்பார்கள். குறிகளை மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும், எனவே பார் யூ. நம் ஊரில் மாட்டுக்குச் சூடு போட்டுப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு மட்டும் இந்த விதியைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். அங்கே சுவரிலும் கதவிலும் தெரிகிற குறிகளை அவர்களே படித்துக்கொண்டு திரிவார்கள்.

பண்ணையின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1881இல் கனடா அரசு இந்தப் பகுதியில் ஒரு குத்தகைத் திட்டம் கொண்டுவந்தது. ஒருவருக்கு 1,00,000 ஏக்கர் வரை, ஏக்கருக்கு வருடம் ஒரு சென்ட், 21 வருடம். மான்ட்ரியாலின் கப்பல் முதலாளிகளான ஆலன் குடும்பம் பணம் போட, பிரெட் ஸ்டிம்சன் நிர்வாகியாக வர, 1882இல் நார்த் வெஸ்ட் கேட்டில் கம்பெனி தொடங்கியது. முதல் மந்தையாக சுமார் 3,000 மாடுகளை டாம் லிஞ்ச் என்பவர் அமெரிக்காவின் ஐடஹோவிலிருந்து நடத்தியே ஓட்டிக்கொண்டு வந்தார். அந்தக் கூட்டத்தில் வந்தவர் ஜான் வேர். அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர். இங்கேயே தங்கி, தனக்கென்று பண்ணை வைத்து, ஆல்பர்ட்டா முழுக்கப் பேர் சொல்லும் குதிரைக்காரராக வாழ்ந்தார். 1905இல் அவருடைய குதிரை வளைக் குழியில் கால் வைத்து இடறி விழுந்ததில் இறந்துபோனார். பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரே ஒரு கதைதான் நேரம் இருக்கிறது என்றால் இவர் கதையைச் சொல்லுங்கள். பிற்பாடு சன்டான்ஸ் கிட் என்ற பெயரில் பிரபலமான கொள்ளைக்காரன் ஹாரி லாங்கபாவும் 1890 வாக்கில் இங்கே குதிரை பழக்கும் வேலையில் இருந்தான். எல்லாரும் அவனைப் பற்றித்தான் கேட்பார்கள். எனக்கு ஜான் வேர்தான் பெரிய மனிதர்.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. அந்தப் புல்வெளி காலியாகக் கிடக்கவில்லை. பூர்வகுடிகளான பிளாக்ஃபுட் மக்களும் ஸ்டோனி நகோடா மக்களும் காட்டெருமையை நம்பி வாழ்ந்த நிலம் அது. 1877இல் அவர்களுக்கும் அரசுக்கும் நடுவே ஏழாம் உடன்படிக்கை கையெழுத்தானது. அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் காட்டெருமை அடியோடு அற்றுப்போனது. பட்டினியில் தவித்த மக்களுக்கு அரசு மாட்டிறைச்சி பங்கிட வேண்டி வந்தது, அதை விற்றவை இந்த மாட்டுப் பண்ணைகள். ஸ்டோனி நகோடா ஆண்கள் பார் யூவில் வேலி போட்டார்கள், வைக்கோல் சேர்த்தார்கள், குதிரை பழக்கினார்கள். வேலைக் காலத்தில் குடும்பத்தோடு வந்து பக்கத்திலேயே முகாம் போட்டிருப்பார்கள். அங்கே நின்று புல்வெளியைப் பார்க்கும்போது இதையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

மாடு வளர்க்க ஏன் இந்த இடம்? மலையடிவாரம் என்பதால் சினூக் என்ற வெப்பக் காற்று குளிர்காலத்தின் நடுவே மலையிலிருந்து இறங்கி, சில மணி நேரத்தில் பனியைக் கரைத்துவிடும். இங்கே விளையும் ஃபெஸ்க்யூ என்ற முரட்டுப் புல் நின்றபடியே காய்ந்தாலும் சத்துப் போகாது. பனி கரைந்தால் மாடு தானாக மேய்ந்துகொள்ளும். அதை நம்பித்தான் வைக்கோல் சேர்க்காமல் இருந்தார்கள். 1886-87 குளிர்காலத்தில் பனி இறுகிப்போய்ப் பல பண்ணைகளில் மந்தை மந்தையாக மாடுகள் செத்தன. அதற்குப் பிறகுதான் வைக்கோல் வெட்டிச் சேர்க்கும் பழக்கம் ஊன்றியது. வைக்கோல் என்றால் இழுவைக் குதிரை வேண்டும். அங்கேதான் பார் யூவின் பெரிய அத்தியாயம் தொடங்குகிறது.

1884இல் மொன்டானாவிலிருந்து மேஸ்திரியாக வந்த ஜார்ஜ் லேன், 1902இல் கூட்டாளிகளோடு சேர்ந்து பண்ணையையே வாங்கினார். பிரான்சிலிருந்து பெர்ஷரான் இனக் குதிரைகளை இறக்குமதி செய்து பெருக்கினார். உச்சக் காலத்தில் 1,60,000 ஏக்கர், 30,000 மாடு, 1,000 பெர்ஷரான் குதிரை. தூய பெர்ஷரான் மந்தைகளில் உலகிலேயே பெரியது என்று பேர் வாங்கியது. புல்வெளியை உழுது குடியேற வந்த விவசாயிகளுக்கு இந்தக் குதிரைதான் டிராக்டர். 1912இல் கால்கரி ஸ்டாம்பீட் முதன்முதலாக நடக்கப் பணம் போட்ட நால்வரில் லேனும் ஒருவர், மொத்தம் 1,00,000 டாலர். ஆக, நீங்கள் ஜூலையில் நகரத்தில் பார்க்கும் அந்தப் பெரிய திருவிழாவின் ஒரு கால் இந்தப் பண்ணையில்தான் ஊன்றியிருக்கிறது. 1919இல் வேல்ஸ் இளவரசர் வந்து தங்கி, இடம் பிடித்துப்போய் அண்டையிலேயே ஒரு பண்ணையை வாங்கி 1962 வரை வைத்திருந்தார். லேன் 1925இல் இறந்தார். 1927இல் இறைச்சி வியாபாரி பேட் பர்ன்ஸ் கைக்குப் போனது. 1950இல் பண்ணையைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். நடுப்பகுதியை 1991இல் தேசியப் பூங்காக்களையும் வரலாற்று இடங்களையும் பார்த்துக்கொள்ளும் பார்க்ஸ் கனடா என்ற அரசு அமைப்பு வாங்கி, 1995இல் பொதுமக்களுக்குத் திறந்தது. அதோடு கைகோத்து வேலை செய்வது பார் யூவின் நண்பர்கள் என்ற உள்ளூர்ச் சங்கம். நிகழ்ச்சி நாட்களில் நீங்கள் பார்க்கும் ஆட்களில் பலர் அந்தச் சுற்றுவட்டாரத்துக்காரர்கள், தொண்டர்கள்.

இப்போது ரோடியோவுக்கு வருகிறேன். ஆகஸ்ட் நடுவில் நடக்கும் ஓல்ட் டைம் ரான்ச் ரோடியோ. ஸ்டாம்பீட் ரோடியோவை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாறுவீர்கள். அங்கே போட்டியிடுவோர் அதையே தொழிலாகக் கொண்டவர்கள், ஒவ்வொருவரும் தனித்தனியாக. பண்ணை ரோடியோவில் ஒரு பண்ணை ஒரு அணி. வாரம் முழுக்க மாடு மேய்த்தவர்கள் தங்கள் சொந்தக் குதிரையில் வந்து இறங்குகிறார்கள். அப்பா, மகள், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரே அணியில் இருப்பார்கள். போட்டிகளும் அன்றாட வேலையிலிருந்து எடுத்தவைதான். மந்தையிலிருந்து குறிப்பிட்ட மாட்டை மட்டும் பிரித்துக் கொண்டுவருவது, மாட்டை டிரெய்லரில் ஏற்றுவது, நோய்ப்பட்ட மாட்டைப் பிடித்து மருந்து போடுவதுபோல் செய்து காட்டுவது, இப்படி. குறி போடும் போட்டியில் சூட்டுக்கோல் காய்ச்சுவார்களோ, பிள்ளைகள் பார்க்கலாமா என்று கவலைப்பட வேண்டாம். பண்ணை ரோடியோக்களில் பெரும்பாலும் பெயிண்டிலோ சுண்ணாம்பிலோ தோய்த்த கோலைத்தான் ஒற்றி எடுப்பார்கள்.

நீங்கள் விடக் கூடாதது காட்டுப் பசு கறக்கும் போட்டி. நமக்குப் பால் கறப்பது தெரியும், அதனாலேயே இது இன்னும் நன்றாகப் புரியும். இவை கறவை மாடுகள் இல்லை. இறைச்சிக்காக மேயும் இனம். மனிதக் கை மடியில் பட்டதே இல்லை. ஒருவர் குதிரையிலிருந்து கயிறு வீசிப் பசுவைப் பிடிக்கிறார். இரண்டு பேர் ஓடிப்போய் ஒருவர் தலையை, ஒருவர் வாலைப் பிடிக்கிறார்கள். நான்காவது ஆள் ஒரு சின்னப் பாட்டிலோடு மடிக்கடியில் குனிகிறார். பசு நான்கு பேரையும் இழுத்துக்கொண்டு சுற்றுகிறது. பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டாவது விழ வேண்டும், அவ்வளவுதான் விதி. நான் பார்த்த வருடம் ஒரு பெண், பதினெட்டு பத்தொன்பது வயது இருக்கும், மற்றவர்கள் தடுமாறிக்கொண்டிருக்க, பசுவின் விலாவில் தலையை அழுத்திச் சாய்த்துக்கொண்டு அதோடு சேர்ந்து நகர்ந்தபடியே கறந்தாள். என் பாட்டி முரட்டு மாட்டிடம் செய்வதும் அதேதான். தலையை அழுத்திக்கொண்டால் மாடு உதைக்கப்போவது முன்கூட்டியே தெரியும் என்பார். அந்தப் பெண் பாட்டிலை உயர்த்திக்கொண்டு நடுவரிடம் ஓடியபோது நான் என்னை அறியாமல் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன்.

குதிரைப் போட்டி என்று நீங்கள் கேள்விப்பட்டது இழுவைக் குதிரைகளுக்கான பண்ணை வேலைப் போட்டியாக இருக்கும். இதில் வேகத்துக்கு மதிப்பில்லை. ஜோடிக் குதிரையைப் பூட்டிக்கொண்டு, பண்ணையில் அன்றாடம் செய்கிற மாதிரி வேலைகளைத் தட்டாமல் முட்டாமல் முடிக்க வேண்டும். கூட்டம் ரோடியோவுக்குத்தான் அதிகம். ஆனால் எனக்குப் பிடித்தது இதுதான். ஒரு பெர்ஷரான் 800, 900 கிலோ இருக்கும். அதை ஓட்டுகிறவர் வாரைச் சுண்டுவதுகூட இல்லை. விரலை லேசாக மடக்குகிறார், வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிறார், குதிரை அரை அடி பின்னால் வைத்து நிற்கிறது.

முடிந்தால் காலையில் சீக்கிரமே போய், குதிரைக்குச் சேணம் பூட்டுவதைப் பாருங்கள். முதலில் கழுத்துப் பட்டை. நம் மாட்டு வண்டி நுகம் திமிலுக்கு முன்னால் மேலிருந்து அழுத்தும். இங்கே வைக்கோல் அடைத்த தடித்த தோல் வளையம், குதிரையின் தோளைச் சுற்றி முழுக்க உட்காரும். குதிரை இழுப்பது என்று சொன்னாலும் உண்மையில் தோளால் அந்த வளையத்தைத் தள்ளுகிறது. பட்டைக்கும் தொண்டைக்கும் நடுவே உள்ளங்கை நுழைகிறதா என்று பார்ப்பார்கள். நுழையாவிட்டால் மூச்சு முட்டும், ரொம்பத் தளர்ந்திருந்தால் தோள் புண்ணாகும். அதற்குப் பிறகு வளையத்தின் மேல் பொருந்தும் வளைந்த சட்டங்கள், அவற்றிலிருந்து வண்டி வரை போகும் இழுவை வார்கள், கடைசியாகக் கடிவாளம். கடிவாளத்தின் இரும்பைக் குளிர்ந்த காலையில் கையில் கொஞ்ச நேரம் பொத்திச் சூடாக்கிய பிறகே குதிரையின் வாயில் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் சொல்வார்கள். கேட்பதற்குத்தான் அங்கே ஆள் நிற்கிறார்கள், தயங்க வேண்டாம். பின்னாலிருந்து மட்டும் குதிரையை நெருங்காதீர்கள்.

ரவுண்டப் முகாமில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். கௌபாய் காபி கொடுப்பார்கள். வடிகட்டி கிடையாது. எனாமல் கெட்டிலில் கொதிக்கும் தண்ணீரில் காபித்தூளை நேரே கொட்டி, இறக்கும்போது ஒரு கை குளிர்ந்த நீர் தெளித்தால் தூள் அடியில் தங்கிவிடும். நம் டிகிரி காபியோடு ஒப்பிட்டால் கோபம்தான் வரும். அப்படி ஒப்பிடாமல், புகை வாசனையோடு, வெளியில் நின்று குடியுங்கள், நன்றாகவே இருக்கும். கூட பானக் என்ற தட்டையான ரொட்டி கிடைத்தால் விடாதீர்கள்.

சமையல் வீட்டுக்குள் போகும்போது சீனச் சமையல்காரர்களைப் பற்றிக் கேளுங்கள். இந்தப் பண்ணைகளின் அடுப்பைப் பெரும்பாலும் ஏற்றி வைத்தவர்கள் அவர்கள்தான். 1903க்குப் பிறகு கனடாவுக்குள் வந்த சீனத் தொழிலாளி ஒவ்வொருவரும் 500 டாலர் தலைவரி கட்ட வேண்டியிருந்தது. மனைவி பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொள்ள வழியில்லாமல், விடிவதற்கு முன் எழுந்து இருபது முப்பது பேருக்குச் சமைத்தவர்கள். புலம்பெயர்ந்து வந்திருக்கிற நாம் நின்று பார்க்க வேண்டிய அறை அது.

அப்புறம், போகும் வழி. கால்கரியிலிருந்து தெற்கே சுமார் 100 கிலோமீட்டர். நெடுஞ்சாலை 22 பிடியுங்கள், லாங்வியூ தாண்டிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் வரும். வலது பக்கம் ராக்கி மலைகள், இடது பக்கம் புல்வெளி. பண்ணை மே நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரைதான் திறந்திருக்கும். 17 வயது வரை பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. நிகழ்ச்சித் தேதிகள் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் பார்க்ஸ் கனடா இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். உணவகம் உண்டு, ஆனால் மாட்டுப் பண்ணையில் சைவச் சாப்பாட்டை நம்பிப் போக வேண்டாம், புளிசாதமோ தயிர்சாதமோ கட்டிக்கொள்ளுங்கள். தொப்பி கட்டாயம். ஆகஸ்டிலும் ஒரு ஸ்வெட்டர் வண்டியில் இருக்கட்டும், மலைக்காற்று மதியத்துக்கு மேல் எப்படித் திரும்பும் என்று சொல்ல முடியாது.

பிள்ளைகளுக்குச் சுருக்குக் கயிறு வீசப் பழக்கும் இடம் ஒன்று இருக்கும், மாட்டுத் தலை பொருத்திய மரச் சட்டத்தின் மேல். கடைசியாக அங்கே கூட்டிப்போங்கள், முதலில் போனால் மற்ற எதையும் பார்க்க விட மாட்டார்கள். நடந்து சுற்றும்போது கேட் எதையாவது கடக்க வேண்டி வந்தால், திறந்திருந்ததைத் திறந்தபடியே விடுங்கள், மூடியிருந்ததை மூடிவிட்டு வாருங்கள். பின்னால் மாடு நிற்கும்.